பிலோமி பதில் சொல்லாத பதினான்கு நாள்

பிலோமியைப் பற்றி எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

அவள் வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா ரோசி கொழுந்து எடுப்பவர். அப்பா சுவக்கீனுக்குத் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் அவள்தான். கன்னியாஸ்திரிகளின் சிபாரிசில் மலையிறங்கி வந்து, எங்கள் பக்கத்துக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தாள். நான் ஈஸ்வரமூர்த்தி, கேரளத்தின் கிழக்கு எல்லையில் இருக்கும் பெருமாட்டிக்காரன். தென்னந்தோப்பும் வயலும் உள்ள குடும்பம். கல்லூரிக்கு நான் போனது எங்கள் ஊட்டில் பொழுதுக்கும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால்.

எழுபத்து நாலாம் வருடம், கடைசி ஆண்டு, ஜனவரி மாதம். மாணவர்கள் நடத்திய கல்லூரிப் பத்திரிகை மலையாளத்தில் நாலு பக்கம் அச்சாகி வந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு ஹாஸ்யக் கட்டுரை. தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் ‘பாண்டி’ என்ற சொல்தான் தலைப்பு. பாண்டிகளின் தோல் தேயிலைத் தூளில் ஊறியதாம். குளிப்பது கிறிஸ்துமஸுக்கு மட்டுமாம். மூளை தலைக்குப் பதில் முதுகுக் கூடையில் இருக்குமாம். கூடவே ஒரு படம்: கரிக்கட்டை முகத்தோடு ஒரு பெண், முதுகில் கூடை, கையில் பொருளாதாரப் புத்தகம். எழுதியவன் பெயரைக் காணோம். யாரைச் சொல்கிறது என்று கேட்க வேண்டியதே இல்லை.

எங்கள் வகுப்பில் கிழக்கே இருந்து வந்த தமிழ்ப் பையன்கள் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் சிரித்தோம். பாண்டி என்றால் மலையில் கூலிக்குப் போனவர்கள், தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் பண்ணையம் பார்க்கும் நாங்கள் அதில் சேர மாட்டோம் என்பது எங்கள் நினைப்பு. எங்கள் ஆத்தாவும் அவள் அம்மாவும் பேசுவது ஒரே தமிழ் என்பது எங்கள் மரமண்டையில் ஏறவில்லை.

பிலோமி பத்திரிகையை எடுத்துக்கொண்டு அதன் பொறுப்பாளன் சசிதரனிடம் போனாள். எழுதியவன் பெயரோடு அதே மூன்றாம் பக்கத்தில் மன்னிப்புப் போட வேண்டும் என்றாள். தமாஷுக்கு எழுதியதற்கு இவ்வளவா என்று அவன் கேட்டான். பிரின்சிபாலிடம் போனபோது அவர் சமாதானமாக, தன் அறையில் வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன் என்றார். எல்லாரும் படித்ததற்கு எல்லாரும் படிக்கிற மாதிரிதான் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் ஆஜர் எடுத்தார்கள். பிலோமி என்று கூப்பிட்டதும் எழுந்து நின்றாள். ஆனால் ‘பிரசன்ட் சார்’ சொல்லவில்லை. விரிவுரையாளர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். தொண்டை கட்டிக்கொண்டதா என்று கேட்டார். பிறகு, பதில் வராத பெயருக்கு ஆப்சென்ட்தான் போட முடியும் என்று சொல்லி அப்படியே போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

இது அவள் தோட்டத்துப் பழக்கம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அநியாயம் நடந்திருந்தால் பெண்கள் வந்து வரிசையில் நிற்பார்கள், பேருக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார்கள். வரவில்லை என்று எழுத முடியாது, கண் முன்னால் நிற்கிறார்கள். வேலைக்கு அனுப்பவும் முடியாது. துரை இறங்கி வந்து என்னவென்று கேட்டே ஆக வேண்டும். அவள் செய்த தப்பு ஒன்றுதான். அங்கே நிற்பது நாற்பது பேர். இங்கே அவள் ஒருத்தி. ஒருத்தி வாயைத் திறக்காவிட்டால் அது வெறும் ஆப்சென்ட்.

அந்த ஆப்சென்ட் அவளுக்குச் சின்ன விஷயமில்லை. முதல் பருவத்தில் டைபாய்டு வந்து ஒரு மாதம் படுத்திருந்தாள். தேர்வு எழுதத் தேவையான வருகையில் அதற்குமேல் பதினோரு நாள்தான் விடலாம் என்பது வகுப்புக்கே தெரியும். நாள் குறையக் குறைய நாங்கள் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எண்ணிக்கொண்டிருந்தோம். இதை எழுதும்போது என் கையே எனக்குக் கூசுகிறது.

பத்தாம் நாள் கேண்டீனில் சசிதரன் என் தோளில் கை போட்டான். அந்தப் பெண்ணின் வீம்பைப் பற்றிப் பேசிவிட்டு, உங்களைப் போல இருக்கத் தெரியவில்லையே அவளுக்கு என்றான். பிறகு அன்பாகத்தான் சொன்னான்:

“நீ நல்ல பாண்டிடா.”

கடித்த பழம்பொரியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவன் கணக்கில் நான் முதலிலிருந்தே அந்தக் கட்டுரைக்குள்தான் இருந்திருக்கிறேன். எனக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

அன்று மாலையே கல்லூரி வாசலில் பிலோமியை நிறுத்தி, நாளைக்கு உங்களுக்காக நானும் நிற்கிறேனுங்க என்றேன். பெரிய மனது பண்ணுவதாக எனக்கு நினைப்பு.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எனக்காக நிக்க வேண்டாம். ஒங்களுக்காகன்னா நில்லுங்க.”

பதினோராம் நாள் என் பெயர் வந்தபோது எழுந்து நின்றேன், பதில் சொல்லவில்லை. அப்புசாமி நின்றான், கந்தப்பன் நின்றான், மீதி மூன்று பேரும் நின்றார்கள். பிலோமியின் பெஞ்சில் இருந்த மலையாளப் பெண்கள் இரண்டு பேரும் நின்றார்கள். விரிவுரையாளர் பேனாவை மூடிவிட்டு பிரின்சிபாலிடம் போனார்.

அப்புறமும் மூன்று நாள் இழுத்தது. இனி நீங்கள் பதில் சொல்லிவிடுங்கள், நாங்கள் நின்றுகொள்கிறோம் என்று அவளிடம் கெஞ்சினோம். அவள் கேட்கவில்லை. பதினான்காம் நாள் பத்திரிகையின் தனி இதழ் வந்தது. மூன்றாம் பக்கத்தில் கட்டுரையின் அளவுக்கே மன்னிப்பு, கீழே சசிதரனின் பெயர். எழுதியவனும் அவன்தான். பிலோமி நின்றபடியே முழுதும் படித்தாள். மதிய வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் கணீரென்று பதில் சொன்னாள்.

ஆனால் அவளுக்கு மூன்று நாள் குறைந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் மன்னிப்பார்கள். பிரின்சிபாலே இரக்கப்பட்டு, காரணம் என்ற இடத்தில் ‘உடல்நலக் குறைவு’ என்று நிரப்பி, கையெழுத்து மட்டும் போடச் சொல்லி அனுப்பினார். எல்லாரும் எழுதுவது அதுதான். ஒரு கையெழுத்துத்தானுங்களே, போட்டுடுங்க என்று நானும் சொன்னேன்.

“வந்த நாள வரலன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுப்பேனுங்க” என்றேன். அதுதான் நிஜம்.

அவள் கோபப்படவில்லை. உடல்நலக் குறைவை அடித்துவிட்டு, ‘அந்தப் பதினான்கு நாளும் வகுப்பில் இருந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

நாங்கள் ஏப்ரலில் தேர்வு எழுதினோம். அவள் பெட்டியோடு தோட்டத்துக்குப் போய், ஒரு வருடம் அம்மாவோடு கொழுந்து எடுத்துவிட்டு, மறு ஏப்ரலில் வந்து எழுதித் தேறினாள். இப்போது பள்ளிவாசல் என்ற மலையூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. வீணாய்ப் போன வருடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், ஒரு வருடந்தானே, நான் எங்கே ஓடிவிட்டேன் என்று கேட்பாள்.

அவளுக்குக் குறைந்தது மூன்று நாள். எழுந்து நிற்க நான் எடுத்துக்கொண்டது பத்து நாள்.