இடது காதுப் பக்கம்

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள் இடது காது கேட்காமல் போனது. கோரிமேட்டு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ரெண்டு வாரம் பாப்போம்" என்றார். 

மூலக்குளத்து வீட்டில் நானும் மனைவியும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அவளைச் சோதித்தோம். அவள் குனிந்து படிக்கும்போது இடது பக்கமாகப் போய் நான் சாவிக்கொத்தை ஆட்டுவேன். மனைவி கிண்ணத்தைக் கீழே போடுவாள். மகள் திரும்பிப் பார்த்தால் எங்களுக்கு அன்றைய பொழுது ஓடிவிடும்.

ஒருநாள் ஆங்கிலத் தேர்வுக்காக 'ஹியர்', 'லிசன்' இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டாள். "தமிழ்ல ரெண்டும் கேக்கறதுதானேப்பா?"

சத்தம் தானாகக் காதில் விழுவது ஹியர், மனம் வைத்துக் கேட்பது லிசன் என்றேன். யாரை, எதை என்று சொல்லும்போது லிசனுக்குப் பின்னால் 'டு' வேண்டும், ஹியருக்கு வேண்டாம். 'ஐ யாம் லிசனிங்' என்கிறோம். காதில் விழுகிறது என்பதற்கு 'ஐ யாம் ஹியரிங்' என்பதில்லை, 'ஐ கேன் ஹியர்' என்போம். அதைச் சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப அம்மா திட்டறது ஹியர். திட்டி முடிச்சிட்டு சாப்ட கூப்டறது லிசன்" என்றாள்.

"வாய் மட்டும் நல்லா கீது ஒனக்கு" என்று மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள்.

நான் மெல்ல எழுந்து மகளுடைய இடது பக்கம் போய்ச் சாவியை ஆட்டினேன். உடனே திரும்பினாள். "கேக்குது! இவளுக்குக் கேக்குது!" என்று கத்தினேன். மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

மகள் பேனாவை வைத்தாள். "ப்பா, வலது காது இன்னா செத்தா போச்சு? அதுலதான் எல்லாம் கேக்குது."

எங்கள் இரண்டு பேருக்குமே அது இத்தனை நாளும் உறைக்கவில்லை.

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்றாள் மனைவி.

"நீங்க ரெண்டு பேரும் அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்களே."

அந்த இரண்டு வாரம் முடிந்ததும் ஆஸ்பத்திரியின் கண்ணாடி அறையில் அவளை உட்காரவைத்து, காதில் கருவி மாட்டிச் சோதித்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இடது காதுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் விரல் அசையவில்லை. பிறகு ஒருமுறை அழுத்தினாள். கொஞ்சம் விட்டு இன்னொரு முறை.

"கொஞ்சம் வந்திருக்கு. மீதி வருமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் மருத்துவர்.

திரும்பும்போது பேருந்தில் நான் ஜன்னலோரம், அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். ஏதோ சொல்லிக்கொண்டே வந்தேன்.  கொஞ்ச தூரம் போனதும் அவள் என் தோளைத் தட்டி எழுந்திருக்கச் சொல்லி, தான் ஜன்னலோரம் நகர்ந்து, என்னைத் தன் வலது பக்கம் உட்காரவைத்தாள்.

"இப்ப சொல்லுப்பா. மொதல்லேர்ந்து."

சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் கரும்புச்சாறு விற்றவரின் மணி ஓயாமல் அடித்ததைப் பற்றித்தான் பேசியிருந்தேன். அதையே முதலிலிருந்து சொன்னேன்.