குடத்துக்கு ஒரு கல்

நாகபூசணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால் என்னால் முடியாது. அவள் என் பெரியப்பாவின் மகள், அடுத்த வளவுக்காரி, வாயைத் திறந்தால் ஊரே காதைப் பொத்தும். ஆனால் நெடுந்தீவின் தெற்குக் கரையில் எங்கள் குறிச்சிச் சனம் அவளுக்குச் செய்ததை நினைத்தால், அவளைவிட மோசமாக எனக்கு வாய் வருகிறது.

ஐம்பதில் தம்பிராசாவுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தபோது சீதனமாகக் கிடைத்தது கடற்கரையோரம் ஒரு தரவைக் காணி. அதில் ஒன்றும் விளையாது. ஒரு கிணறு மட்டும் இருந்தது. தோண்டிய இடமெல்லாம் உவர் ஊறும் எங்கள் பக்கத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் மட்டும் இளநீராக இனித்தது. தம்பிராசா தெற்கே சிங்களப் பகுதியில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். ஐம்பத்தெட்டுக் கலவரத்தோடு உடுத்த துணியுடன் வந்து சேர்ந்தான், இருமி இருமியே செத்தும் போனான். ஆடு வளர்த்து, பனங்கிழங்கை ஒடியலாகக் காயவைத்து, மகள் சறோஜினிதேவியை அவள் தனியே ஆளாக்கினாள். ஊரெல்லாம் அவள் கிணற்றில்தான் அள்ளியது. ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் மறித்ததில்லை.

அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல் கடலடியில் கிடந்த பவளப்பாறைத் துண்டுகளான முருகைக்கல்லை அள்ளிவந்து கரை நீளத்துக்கு மேடாகக் கொட்டிவிட்டுப் போனது. எங்கள் சனத்துக்கு வேறென்ன வேண்டும்? இங்கே வேலி என்றால் கல்வேலி. சாந்து கிடையாது, கல்லின் மேல் கல்லாக அடுக்குவது. பக்கத்து வீட்டான் ஒரு சாண் உயர்த்தினால் இவன் ஒரு முழம் உயர்த்துவான். சும்மா கிடைத்த கல்லை விடுவார்களா? வண்டி வண்டியாக ஏற்றினார்கள். எல்லோரையும்விட அதிகமாக ஏற்றியவர் பரமலிங்கம். பனங்காணியும் மாடும் வைத்திருந்த பெரிய மனுசன். அவர் வேலிக்கு உள்ளே ஆள் செத்துக் கிடந்தாலும் வெளியே தெரியாது, அவ்வளவு உயரம்.

"அதை விடுங்கோ! அதுதான் கடலை மறிச்சுக்கொண்டு கிடக்கு!" என்று நாகபூசணி வண்டிகளுக்குப் பின்னால் ஓடிக் கத்தினாள். யார் கேட்டார்கள்? ஆண்டுக்கொருமுறை தெற்கிலிருந்து அடிக்கும் ஒவ்வொரு சோளகக் காற்றுக்கும் கடல் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. முதலில் தாழம்புதர் போனது. பிறகு நாங்கள் நடக்கும் பாதை போனது. எழுபதில் ஒருநாள் கிணற்றுக் கட்டின் அடியில் கடல் நுரை கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் குடத்தோடு போனால், அவள் கிணற்றுக் கட்டில் கத்தியோடு குந்தியிருக்கிறாள்.

"கல்லு எங்கை?" என்றாள்.

"என்ன கல்லு?"

"இண்டையிலையிருந்து ஒரு குடத்துக்கு ஒரு கல்லு. உங்கடை வேலியிலையிருந்து. கரையிலை பொறுக்கிக்கொண்டு வந்தியோ, குடத்தை உடைச்சுப்போடுவன்."

"உனக்கென்ன விசரோ, அக்கா?"

"ஓம், விசர்தான். கரையிலை கிடந்த கல்லைத்தானே எல்லாரும் வேலியாய் வைச்சிருக்கிறியள்? திருப்பித் தாங்கோ."

வழிநெடுகத் திட்டிக்கொண்டே போய் எங்கள் வேலியில் ஒரு கல்லைப் பிடுங்கிவந்தேன். எங்கள் ஆட்களுக்குத் தம் வேலியில் ஒரு கல் எடுப்பதும் பல்லுப் பிடுங்குவதும் ஒன்றுதான். ஆனால் அடுத்த கிணறு இரண்டு கட்டைத் தூரத்துக்கு அப்பால், அதுவும் உவர். வேறு வழியில்லை. இடுப்பில் குடமும் தலையில் கல்லுமாகப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். அறுதலி, மூதேசி, கட்டையிலை போவாள் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னார்கள். அவள் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொரு கல்லையும் தன் கையாலேயே கரையில் வைத்து, இடுக்கில் சிறு கல்லை அடித்து இறுக்கினாள்.

இரண்டு சோளகம் கழிந்தபோது இடுப்பளவு அணை எழும்பிவிட்டது. கடல் வந்து மோதித் திரும்பிப் போனது. ஊருக்குள் வேலிகள் தாழ்ந்து பதிந்தன. யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் மீன்குழம்பு என்பதெல்லாம் ஒழுங்கையில் போகிறவனுக்குத் தெரிந்தது. கிணறு தப்பியதை ஒருவரும் பேசவில்லை. வேலி பதிந்ததைத்தான் பேசினார்கள். நன்றி கெட்ட சனம்!

பரமலிங்கம் மட்டும் ஒரு கல்லும் தரமாட்டேன் என்று சபதம் போட்டு, தூரத்துக் கிணற்றுக்கு வண்டி அனுப்பினார். "உந்தத் தண்ணிக்கு என்ன குறை? தேத்தண்ணி நல்லாத்தானே கிடக்கு" என்று பெருமை வேறு. அந்தத் தேநீருக்கு ஊற்றியது நாகபூசணியின் கிணற்றுத் தண்ணீர். அவர் மனைவி யோகம்மா அவருக்குத் தெரியாமல் பின்வேலியில் ஒவ்வொரு கல்லாக உருவிக்கொண்டு கிணற்றுக்கு வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் அந்த இடைவெளியால் ஆடுகள் புகுந்து பயற்றங்கொடி முழுவதையும் மேய்ந்துவிட்டன. அதோடு மனுசனுக்கு உண்மை வெளித்தது.

அன்றே கோயில் வெளியில் ஊர்க்கூட்டம்.

"தண்ணிக்குக் கல்லுக் கேக்கிறது எந்த ஊரிலை நடக்குது?" என்று பரமலிங்கம் துள்ளினார். "நாகபூசணி, நீர் கிணத்தைச் சும்மா விடவேணும். இல்லாட்டி உம்மடை வீட்டு நன்மை தின்மைக்கு ஒரு சனமும் வராது."

ஆவணியில் சறோஜினிதேவிக்குக் கலியாணம். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படி மிரட்டினார்கள், நாசமாய்ப் போவார்கள். நாகபூசணி குரலைத் தாழ்த்திப் பேசியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"சரி, அள்ளுங்கோ," என்றாள். "என்னை என்ன வேணுமெண்டாலும் பேசுங்கோ. அந்த அணையிலை மட்டும் கை வைக்காதேங்கோ. அது போனால் கிணறு போயிடும்."

ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை.

கலியாணத்துக்கு ஊரே வந்தது. பந்தியில் இருந்து வயிறு புடைக்கத் தின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் வள்ளம் ஏறிய மறுநாள் முதல் வண்டி கரைக்கு வந்தது, பரமலிங்கத்தின் வண்டி. அதைக் கண்டு மற்றவர்களும் வந்தார்கள். "இது எங்கடை மூலைக் கல்லு", "அது எங்கடை படலைக் கல்லு" என்று அவரவர் கல்லை அடையாளம் கண்டு பிடுங்கினார்கள். நாகபூசணி அணையில் ஏறி நின்று கத்தினாள். இரண்டு பேர் அவளைத் தூக்கி இறக்கிவிட்டார்கள். நானும் கத்தினேன்.

"உனக்கென்ன, உன்ரை கல்லையும் எடுத்துக்கொண்டு போ," என்றான் ஒருத்தன்.

வேலிகள் பழையபடி உயர்ந்தன. கரை மொட்டையாகக் கிடந்தது.

அடுத்த சோளகம் ஒரு கிழமைதான் அடித்தது. ஒரு விடியற்காலை, கிணற்றின் கடல்பக்கச் சுவர் உள்ளே சரிந்து கிடந்தது. பெண்கள் வழக்கம்போலக் குடத்தோடு வந்து சுற்றி நின்றார்கள். சும்மா தண்ணீர் என்றபின் தானே வந்து பழகியிருந்த பரமலிங்கமும் வண்டியில் பீப்பாவோடு வந்து நின்றார்.

அதுவரை யாருக்கும் தண்ணீர் அள்ளிக் கொடுத்தறியாத நாகபூசணி வாளியை விட்டு இழுத்தாள். செம்பில் வார்த்தாள். நேரே அவரிடம் போனாள்.

"குடியுங்கோ, பரமலிங்கண்ணை. கல்லுக் கேக்கமாட்டன்."

அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, மனுசன் வேண்டாம் என்று சொல்ல ஏலாமல் வாங்கினார். ஒரு மிடறு வாயில் வைத்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணால் தண்ணீர் வந்தது.

அவள் செம்பைப் பறித்து, அடுத்து நின்றவளிடம் நீட்டினாள். பிறகு அடுத்தவளிடம். குடத்தோடு வந்த ஒருத்தியையும் விடவில்லை. எனக்கும் தந்தாள். குடித்தேன். கடல்.