வெலானி கல்யாணத்துக்குப் பியதாத் செய்த எழுத்துகள்

பியதாத் அக்கா மாஸ்பான் கிளறும் நாளில் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்கக் கூடாது. அடித்தால் உள்ளேயிருந்து வரும் வசவில் என் அப்பனும் பாட்டனும் சேர்ந்து வருவார்கள். அரைத்த முந்திரியும் சர்க்கரையும் பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும் பதம் ஒன்று இருக்கிறதாம். அதைத் தவறவிட்டால் ஒன்று பிசின், இல்லாவிட்டால் கல். அந்த நேரத்தில் பங்குச் சாமியாரே வாசலில் வந்து நின்றாலும் நிற்கட்டும் என்பாள்.

என் பெயர் ரோக். சாந்தோரில் மோட்டார் சைக்கிள் பைலட். மட்காவ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, சந்தை என்று ஆளை ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. ஞானஸ்நான வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் அவள் இனிப்பு டப்பாக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அதனால் நடந்ததில் பாதி என் கண் முன்னால் நடந்தது. மீதியை அவளே சொன்னாள், அதுவும் ஒரே ஒரு தடவை.

அவள் புருஷன் கப்பலில் சமையல் வேலை பார்த்தவன். ஒரு தடவை லீவு முடிந்து போனவன் போர்ச்சுகலில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டான். பிள்ளை கிடையாது. அடுத்த வீட்டுக் கித்தேரியாவுக்குப் பெண் பிறந்தபோது ஞானத்தாயாக நின்றது பியதாத் அக்காதான். வெலானி என்று பெயர் வைத்ததும் அவள்தான். அந்தப் பிள்ளை சொந்த வீட்டில் சாப்பிட்டதைவிட மாத்ரின் வீட்டில் சாப்பிட்டதே அதிகம். மாத்ரின் என்றால் எங்கள் பேச்சில் ஞானத்தாய்.

முன்னெல்லாம் ரோஜா, மீன், சிப்பி, இப்படித்தான் மாஸ்பான் செய்வாள். பிறகு எழுத்து அச்சு வந்தது. சிலிக்கானில் செய்தது, ரப்பர் மாதிரி வளையும். மாவை அழுத்தி வைத்து, இறுகியதும் ஓரத்தைப் பின்பக்கமாக மடக்கினால் எழுத்து மூலை உடையாமல் குதித்து வெளியே வரும். குழந்தை பெயர், மணமக்கள் பெயர் என்று ஜனங்கள் இனிப்பில் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் மட்காவில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினாள். ரோஸ் கலர் தனக்கு. நீலக் கலர் கித்தேரியாவுக்கு. கித்தேரியா கோல்வா கடற்கரைக் கடைகளுக்கு ரெசின் ஊற்றிச் சாவிக்கொத்து செய்து கொடுப்பவள். ரெசின் என்பது இரண்டு பாட்டில் மருந்தைக் கலந்து ஊற்றுவது. இறுகினால் கண்ணாடி, இறுகுவதற்கு முன் விஷம். அது பட்ட அச்சில் அப்புறம் தின்கிற பண்டம் எதுவும் வைக்கக் கூடாது, எத்தனை கழுவினாலும் கூடாது. நீல அச்சைக் கொடுக்கும்போதே பியதாத் அக்கா சொன்னாள், நானும் அங்கே நின்றிருந்தேன்.

"என்னோடது வாய்க்கு, உன்னோடது சாவிக்கு. ரெண்டும் ஒண்ணா ஒரு தொட்டியில கூடக் குளிக்கக் கூடாது, தெரிஞ்சுக்கோ."

"உன் அச்சுக்கு மாப்பிள்ளை பார்க்கவா வந்தேன்? வெச்சுக்கோ உன் ரோசாப்பூவை" என்றாள் கித்தேரியா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வெலானிக்கு அசோள்ணாவில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை பெயர் ஆல்வித். கடன் உடன் இல்லாத, சொந்த வீடு உள்ள குடும்பம். மாமியார்க்காரி மட்டும் வாய் நீளம். கல்யாணத்துக்குப் பெண் வீட்டிலிருந்து இனிப்புச் சீர் போகும். அதை மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வாடோவில், அதாவது அவர்கள் குடியிருக்கும் வட்டாரத்தில், வீடு வீடாகக் கொடுப்பார்கள். வந்தவள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தாள் என்பதை அந்தத் தட்டை வைத்துத்தான் ஊர் பேசும். அந்தச் சீரில் தன் கையால் செய்த மாஸ்பான், வெலானி பெயரும் ஆல்வித் பெயருமாக, ஒவ்வொரு தட்டிலும் போக வேண்டும் என்பது பியதாத் அக்காவின் ஆசை. அந்தப் பெண் அங்கே தலை நிமிர்ந்து நடக்கட்டும், நடக்கும்போது என் கை அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். வேறு எதற்கும் அவள் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய மாதம் அவள் தங்கைக்கு பம்பாயில் முட்டி ஆபரேஷன். பியதாத் அக்கா போய்ப் பத்தியம் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுச் சாவி வழக்கம்போலக் கித்தேரியாவிடம்.

திரும்பி வந்தவள் மாஸ்பானில் இறங்கினாள். உதவிக்குக் கித்தேரியாவும் வெலானியும் வந்தார்கள். நான் காலையில் முந்திரி மூட்டையை இறக்கிவிட்டு மதியம் திரும்பிப் போனபோது மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கித்தேரியா மாவு உருட்டினாள். பியதாத் அக்கா பன்னீர் தொட்ட விரலால் ரோஸ் அச்சில் அழுத்தினாள். வெலானி இறுகியதை எடுத்துத் தாளில் அடுக்கினாள். மாமியாரின் குரலை வெலானி அப்படியே பேசிக் காட்ட, பியதாத் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு துண்டு கொடுங்கள் என்று கேட்டேன். பாத்திரத்திலிருந்து வழித்துக் கொடுத்தாளே தவிர எழுத்தைத் தொட விடவில்லை. சீர் இனிப்பு அச்சை விட்டு வந்த பிறகு போய்ச் சேரும் வீட்டுக்கு முன்னால் யார் வாயிலும் படக் கூடாது, செய்தவள் வாயிலும் கூடாது. அவள் அம்மா காலத்திலிருந்து அந்த வீட்டில் அப்படி. பாத்திரத்தில் இருந்தது தேனாக இருந்தது.

டப்பாக்களை அசோள்ணாவுக்கு நான்தான் கொண்டுபோனேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பேண்டு, ஆட்டம், சோர்பொட்டெல் பன்றிக்கறி, எல்லாம் இருந்தது. விருந்து முடிந்து போகும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாவிக்கொத்து கொடுத்தார்கள். ரெசினில் செய்த எழுத்து, உள்ளே நீல ஜிகினாத்தூள். எனக்கு வந்தது வெலானியின் முதல் எழுத்து. கண்ணாடி மாதிரி பளபளத்தது. கித்தேரியாவின் சரக்கு இத்தனை பளபளப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. வண்டிச் சாவியை அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் அசோள்ணா வாடோவில் தட்டு போனது. அதற்கு அடுத்த நாள் கித்தேரியா வீட்டில் மறுவீட்டு விருந்து. கோழியும் சோடாப் பெட்டிகளும் ஏற்றி வந்தவன் என்பதால் நானும் இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து முதல் வாய் வைத்ததுமே மாமியார் ஆரம்பித்துவிட்டாள். உங்கள் ஊரில் முந்திரியை பெயிண்ட் டின்னில்தான் வறுப்பீர்களா என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் துப்பிவிட்டார்களாம். எதிர்வீட்டுக் கிழவி வாய் கொப்பளித்துக்கொண்டே வந்து தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாளாம். டப்பாவைத் திறந்ததும் மருந்து நெடி அடித்ததாம்.

பியதாத் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கித்தேரியா முந்திக்கொண்டாள்.

"அவளுக்கு இப்ப முன்ன மாதிரி மூக்கு வேலை செய்யறதில்ல, சம்பந்தி. பழைய முந்திரியா இருக்கும். பாசத்துல செஞ்சா, நானும் வேண்டாம்னு சொல்ல முடியல."

அந்த முந்திரியை மட்காவ் சந்தையிலிருந்து மாஸ்பான் கிளறிய அன்றைக்குக் காலையில்தான் நான் தூக்கி வந்தேன். அதை அங்கே சொன்னேன். பைலட் சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள்? ஆல்வித் மட்டும் என்னைப் பார்த்து ஒரு தரம் சிரித்துவிட்டுக் கோழியைக் கடித்தான். வெலானி தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

திரும்பி வந்த டப்பா ஒன்று மாமியாரின் பையில் இருந்தது, காட்டுவதற்கென்றே கொண்டு வந்திருந்தாள். பியதாத் அக்கா அதை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நான் காலிப் பாட்டில்களோடு பின்னால் போனேன். அவள் ஒரு எழுத்தை எடுத்து முகர்ந்தாள். நுனியைக் கடித்து, உடனே துப்பினாள். பிறகு வெயிலில் திருப்பிப் பார்த்தாள். எழுத்தின் உள்மூலையில் ஊசிமுனை அளவுக்கு நீலமாக ஏதோ மின்னியது. வேறொன்றை எடுத்தாள், அதிலும் இருந்தது. மாஸ்பானில் ஜிகினா போடுகிறவர் உலகத்தில் யாரும் இல்லை.

அவள் கண் என் கையில் இருந்த வண்டிச் சாவிக்கு வந்தது. கையை நீட்டினாள், கொடுத்தேன். சாவிக்கொத்தையும் அதே எழுத்து இனிப்பையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எழுத்தின் மூலை, அடியில் சின்னப் பள்ளம், எல்லாம் ஒன்று. அந்தப் பள்ளம் ரோஸ் அச்சில் மட்டும்தான் விழும், நீலத்தில் கிடையாது. அதைப் பிறகுதான் சொன்னாள். 

வெலானி தண்ணீர் எடுக்க வந்தாள். பியதாத் அக்கா உள்ளங்கையை அவள் முன் நீட்டினாள். நான் பாட்டில்களை அடுக்குவது போல அங்கேயே நின்றேன். போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டேன்.

"அம்மா நல்லாக் கழுவினாங்க, மாத்ரின். ரெண்டு தரம். வெந்நீர்ல."

"எப்போ?"

"நீங்க பம்பாய் போயிருந்தப்போ. நீலத்துல ஊத்தி ஊத்தி மங்கலா வர ஆரம்பிச்சிருச்சு. உங்களோடது புதுசு மாதிரி இருந்துச்சா, கண்ணாடியா வந்துச்சு."

"கித்தேரியாவா ஊத்தினா?"

"நானும்தான்" என்றாள். "என் கல்யாணத்துக்குத்தானே."

"மேசையில உக்காந்திருந்தியே, பிள்ளை. நான் அழுத்த அழுத்த நீ எடுத்து எடுத்து வெச்சியே."

"திட்டுவீங்கன்னு இருந்துட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னு அம்மா சொன்னாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உள்ள சொல்லிடாதீங்க, மாத்ரின். நான் அங்கதான் இருக்கணும். முந்திரி பழசுன்னே இருக்கட்டும். உங்களுக்கு என்ன, நாளைக்கு மறந்துடுவாங்க."

கித்தேரியா செய்ததைப் பியதாத் அக்கா தாங்கியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வீட்டுக்காரி, பொருளைத் தொட்டாள், பொய் சொன்னாள், சரி. ஒரு சண்டை போட்டு, மூன்று மாதம் பேசாமல் இருந்து, பிறகு ஒரு காய்ச்சலில் ஒன்று சேர்ந்திருப்பார்கள். தாங்க முடியாமல் போனது, 'உங்களுக்கு என்ன' என்ற வெலானியின் அந்தக் கடைசி வார்த்தைதான். அதைக் கேட்டதும் அவள் வெலானியைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

உள்ளே போனாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் முன் போய் நின்றாள். கித்தேரியாவின் முகம் செத்துவிட்டது.

"முந்திரி புதுசு, அதுல குத்தமில்ல. என் அச்சுல ரெசின் பட்டிருக்கு. அது வாய்க்கு ஆகாது. உங்க வாடோவுல யார் வீட்டுல மிச்சம் இருந்தாலும் இன்னிக்கே போன் பண்ணி எடுத்துக் கொட்டச் சொல்லுங்க, பிள்ளைங்க எடுத்துத் தின்னுடப் போறாங்க."

யார் பட வைத்தது என்று அவள் சொல்லவில்லை. மாமியார் கேட்டாள். என் வீட்டில் இருந்த அச்சு, நான்தான் பார்த்திருக்க வேண்டும் என்றாள். அவ்வளவுதான். ஆல்வித் எழுந்து போனோடு வெளியே போனான். பியதாத் அக்கா தன் தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ரோக், வண்டியை எடு" என்றாள். அவள் வீடு அடுத்த வீடு. வண்டி எதற்கு என்று கேட்கவில்லை. ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினேன். அங்கேதான் பள்ளத்தைப் பற்றிச் சொன்னாள், மற்றதையும் சொன்னாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு அவளிடம் ஆர்டர் கொடுத்தவர்கள் குறைவு. ரெசின் மாஸ்பான் என்று அசோள்ணா வரைக்கும் பேராகிவிட்டது. ரோஸ் அச்சை அவளே கத்தரியால் துண்டு துண்டாக்கிக் குப்பையில் போட்டாள். கித்தேரியா அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் வெலானி தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். தானே செய்த நெவ்ரியும் தோதோலும் ஒரு பீங்கான் தட்டில் அடுக்கி, மேலே துணி போட்டு, மாத்ரினுக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். தானே போக அவளுக்குக் கால் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வந்த தட்டை வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒன்றும் இல்லாத வீட்டிலும் ஒரு பிடி சர்க்கரையாவது வைத்து அனுப்புவார்கள்.

பியதாத் அக்கா தட்டை வாங்கினாள். பலகாரத்தைத் தன் பாத்திரத்தில் மாற்றிக்கொண்டாள். தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடைத்தாள். அவள் மேசை மேல் மூன்று விதப் பலகாரம் இருந்தது. எதையாவது எடுத்து வைப்பாள் என்று நின்றேன். துணியை மடித்துத் தட்டின் மேல் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"அக்கா, பெரிய நாளு" என்றேன்.

"தெரியும்" என்றாள். "கீழ போட்டுடாதே, நல்ல தட்டு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் காத்திருந்த வெலானி துணியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளேயிருந்து கித்தேரியா, மாத்ரின் என்ன குடுத்து அனுப்பினா என்று கேட்டாள். வெலானி துணியைப் பழையபடி மூடி, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.