மருந்து என்று நான் குடித்தது

அக்கா தங்கைகளே, போன வருடம் ஆடி மாதம் என் மகன் கண் திறக்காமல் கிடந்தான். அவனை அந்த நிலைக்குக் கொண்டுபோனவள் நான்தான். அதை மறைத்துவிட்டு அம்மனின் கருணையை மட்டும் சொன்னால் என் சாட்சி பாதிப் பொய்யாகிவிடும்.

எங்கள் வீடு ஜீவனஹள்ளியில். மாடியில் நாங்கள், கீழே மாமியாரும் என் கணவரின் அண்ணன் குடும்பமும். அண்ணன் மனைவி கலா அக்காவுக்கு வைகாசியில் இரண்டாவதாக ஒரு பெண் பிறந்தாள். ஆனியில் எனக்குப் பையன், தலைச்சன். எனக்கு அம்மா இல்லை, அதனால் பிரசவத்துக்குப் பிறகு மாமியார்தான் என்னைப் பார்த்துக்கொண்டார்.

கலா அக்காவுக்குப் பால் பெருகி ரவிக்கை நனையும். எனக்குப் பிழிந்தாலும் நாலு சொட்டு வராது. பார்க்க வருகிறவர்கள் அவள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "உன்னுது இன்னும் தேறலயே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். வயிறு பற்றி எரியும்.

பிள்ளை பெற்றவளுக்குக் காலையும் மாலையும் வெந்நீரில் ஒரு மூடி பிராந்தி கலந்து கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். குளிருக்கு, உடம்பு வலிக்கு, பால் ஊறுவதற்கு. ஆனால் பிராந்தி என்று யாரும் சொல்ல மாட்டோம். அது ஆம்பிளைகள் குடிப்பது. எங்களுக்கு அது மருந்து.

"கலா மூஞ்சி சுளிக்காம குடிச்சா. அவளுக்கு ஊர்ற பால பாரு" என்றார் அத்தை. அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். அவளுக்கு ஒரு மூடி என்றால் எனக்கு இரண்டு. பிறகு அத்தை மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து நானே அலமாரியைத் திறந்து ஊற்றிக்கொண்டேன். குடித்த கையோடு பிள்ளைக்குப் பால் கொடுப்பேன். தீட்டு என்பதால் கோயிலுக்குப் போக முடியாமல், வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டிலிருந்தே நம் மாரியம்மனை நினைத்து, "தாயே, அவளைவிட எனக்கு ஒரு சொட்டாவது கூடக் கொடு" என்று வேண்டுவேன். என் பிள்ளைக்குப் போதுமான அளவு கொடு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

பையன் அழுவது குறைந்தது. எந்நேரமும் தூக்கம். கீழே அவள் குழந்தை அலறும்போதெல்லாம், இதிலாவது நான் ஜெயித்தேன் என்று உள்ளுக்குள் சிரித்தேன். இதை எழுதவே கை கூசுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவனை எழுப்பினேன். எழவில்லை. மார்பில் வைத்தால் வாய் அசையவில்லை. கையைத் தூக்கிவிட்டால் துவண்டு விழுந்தது. என் கணவர் ஆபீஸ் வண்டி ஓட்டிக்கொண்டு வைட்ஃபீல்ட் போயிருந்தார். நான் போட்ட கூச்சலில் கலா அக்காதான் தன் குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள். கோயில் முனையில் டிராஃபிக்கில் வண்டி நின்றது. கோபுரம் தெரிந்தது. பாலும் வேண்டாம், அவளைவிட எதுவும் வேண்டாம், என் பிள்ளை முழித்தால் போதும் என்று அங்கேயே கதறினேன்.

ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று டிரிப்ஸ் போட்டார்கள். டாக்டர் அம்மா என்னிடம் மது குடிப்பீர்களா என்று கேட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படியெல்லாம் இல்லை என்று சத்தியம் செய்தேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றவே இல்லை.

கலா அக்கா தயங்கித் தயங்கி, "மருந்து குடிக்கிறா மேடம்" என்றாள்.

"என்ன மருந்து?"

"பிராந்தி."

டாக்டர் திட்டவில்லை. தாயின் ரத்தத்தில் இருப்பது பாலிலும் இருக்கும், சாராயம் பாலைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும், பிள்ளையை மயக்கத்தில் போட்டுவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். இன்று உங்கள் பால் வேண்டாம் என்றார்.

நான் கலா அக்காவைப் பார்த்து, நீயும் குடித்தாயே என்றேன்.

"ஒரு நாள் கூட இல்லம்மா. எங்கப்பா குடிச்சே செத்தாரு, அந்த வாசனையே ஆகாது. குடிக்கிற மாதிரி வாயில வெச்சு காட்டிட்டு, அத்தை அந்தாண்ட போனதும் தொட்டியில ஊத்திடுவேன்" என்றாள்.

மத்தியானம் அவன் அழுதான். எத்தனையோ நாள் கழித்து, பசித்து, வீறிட்டு. அந்தச் சத்தத்துக்கே கலா அக்காவின் ரவிக்கை நனைந்துவிட்டது. டாக்டர் அவள் கொடுக்கலாம் என்றார். அவள் கை நீட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான நிமிஷம் இல்லை. "நீயே குடுக்கா" என்று அவள் மடியில் போட்டேன். அவன் மடக் மடக்கென்று குடித்தான். நான் அழுதேன். அதில் பாதிதான் சந்தோஷம்.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் அவர் அம்மா அதைத்தான் கொடுத்தார். விஷயம் கேட்டதும் பாட்டிலை அவரே கவிழ்த்துவிட்டார். நான் நிறுத்தினேன். டாக்டர் சொன்னபடி அடிக்கடி பிள்ளையை மார்பில் போட்டேன். கொஞ்ச நாளில் பால் வந்தது. அவளைவிடக் குறைவுதான், ஆனால் அவனுக்குப் போதும்.

உங்களில் யாருக்காவது பிள்ளை பெற்ற நேரத்தில் வீட்டில் 'மருந்து' கொடுத்தால், அதன் உண்மைப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மனசில் பொறாமை இருந்தால் அதையும் ஒளிக்காமல் அம்மனிடம் கொட்டுங்கள். அவள் முகம் சுளிக்க மாட்டாள். நான் கேட்டதை அவள் தரவில்லை. என் பிள்ளையைத் தந்தாள், அதுவும் நான் யாரை எண்ணி எரிந்தேனோ அவள் மடி வழியாக.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போது அவன் நடக்கிறான். முதல் முதலாக 'ம்மா' என்று கூப்பிட்டது என்னை இல்லை, கலா அக்காவைத்தான். வயிறு எரிந்தது. எரியட்டும் தாயே, கூப்பிட அவன் இருக்கிறானே.