வெல்லத்துக்கும் மசியாத தண்ணீர்

ஐம்பதுகளில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, காப்பி திரிந்துபோகும், தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நாராகிவிடும். மேட்டு நிலத்தில் வந்த தோல் பதனிடும் கொட்டகைதான் காரணம். சுண்ணாம்பும் ஏதோ மருந்தும் கலந்த கழிவை ஓடையில் விட்டார்கள். அது எங்கள் கிணற்றில் ஊறியது. கொட்டகைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் என் அப்பா. ஆகையால் அந்தத் தண்ணீரைக் குறை சொல்ல எங்கள் வீட்டில் மட்டும் தடை!

"தண்ணிக்கு என்ன கொறை? பித்தத்துக்கு நல்லது" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

எனக்குக் கல்யாண வயது. உத்தனப்பள்ளியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு வாய் குடித்தார்கள், போனவர்கள் போனவர்களே. மாப்பிள்ளை கறுப்போ சிவப்போ, எனக்குக் கவலையில்லை. அவர் ஊர்த் தண்ணீர் வாயில் வைக்கும்படி இருந்தால் போதும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

அடுத்து ஜூஜுவாடிப் பக்கமிருந்து வந்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி விருந்தாளிக்கு முதலில் வெல்லமும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். போச்சுடா என்று நினைத்தேன். அம்மா பெரிய கட்டியாகப் பார்த்து வைத்தாள். மாப்பிள்ளையின் தாயார் வெல்லத்தைக் கடித்துத் தண்ணீரைக் குடித்தார். முகம் வேப்பங்காயைக் கடித்தது போல ஆயிற்று. அப்பா உடனே பித்தக் கதையைத் தொடங்கினார்.

"பொண்ணு ஏதாச்சும் கேக்கணுமா?" என்று அந்த அம்மாள் ஒப்புக்குக் கேட்டார்.

கேட்டேவிட்டேன். "உங்க ஊர்ல தண்ணி எப்படிங்க?"

அப்பா பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். அந்த அம்மாளோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்க ஊர்த் தண்ணிக்கு வெல்லமே வேணாம் தாயி, வந்து குடி. ஆனா கல்யாணம் எங்க ஊட்லதான். எங்க சனமெல்லாம் வந்து இதைக் குடிக்க முடியாது."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தண்ணிக்கு என்னங்க கொறை?" என்று ஆரம்பித்தார். அம்மா, அதுவரை அவர் பேச்சில் குறுக்கிடாதவள், "சரிங்க சம்மந்தி" என்று முடித்துவிட்டாள்.

கல்யாணத்தன்று தாலி ஏறியதும் நான் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்ததைப் பார்த்து அந்த ஊர்ப் பெண்கள் கேலி செய்தார்கள். குடித்தால் என்ன, சும்மா கிடைக்கிற அமிர்தம்!

மறுநாள் அம்மாவும் அப்பாவும் வண்டி ஏறும்போது, "என்ன கட்டித் தரட்டும் சம்மந்தி?" என்று என் மாமியார் கேட்டார்.

"ஒரு கொடம் தண்ணி குடுங்க" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் தப்பித்துக்கொண்டேன், அவள் அந்தக் கிணற்றுக்கே திரும்பிப் போகிறாள். அப்பா வண்டியில் ஏறி உட்கார்ந்து, குடத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்து, சிந்தாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.