ஆறு என்றால் விடுதலையா?

வேப்பம்பட்டில் ரயிலேறி என் பக்கத்தில் உட்கார்ந்த கல்லூரிப் பெண்ணுக்கு அன்று ஆங்கில இலக்கியத் தேர்வு. ஒல்லியான முகம். பக்கம் புரட்டும்போதெல்லாம் வியர்த்த கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். கையில் ஒரு பழைய அமெரிக்க நாவல்.

“அக்கா, இந்தக் கதையில தெப்பத்துல தப்பிச்சுப் போற ஹீரோவுக்கு ஆறுதான் விடுதலைன்னு எழுதணுமாம். நோட்ஸ்ல போட்டுகீது” என்றாள்.

“அப்படியே எழுதிடும்மா.”

“வானகரத்துல இருந்தப்போ வெள்ளம் வந்து, எங்க ஊட்டுக்குள்ள ஆறு பூந்துச்சுக்கா. என் தங்கச்சிய இழுத்துகினு போய்ட்ச்சு. அத்தப் போய் எப்டிக்கா விடுதலைன்றது? வேற மாதிரி எழுதினா ஃபெயில் பண்ணிடுவாங்களா?”

“உனக்குத் தோணுறதையே எழுதும்மா” என்றேன்.

“இந்தப் பேப்பர் பாஸ் பண்ண இதான்க்கா கடைசி சான்ஸு” என்று சொல்லிவிட்டு அம்பத்தூரில் இறங்கிப் போனாள்.

என் பேச்சைக் கேட்டுத் தோற்றுப்போனாளோ என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.