பின்னால் கூப்பிட்டால் திரும்பாதவர்

சீவரத்தினம் செத்தவீட்டுக் காசைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார் என்று புத்தூர்ச் சந்தியில் தேநீர் ஆறுவதற்குள் மூன்று பேர் சொன்னார்கள். மூன்றாமவர் சொன்ன தொகையில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கலாம். நம்ப முடியவில்லை. காசில் ஆள் எப்படியோ, செத்தவீட்டில் சீவரத்தினம் தங்கம்.

வெங்காயத் தோட்டம் அவருக்கு இரண்டாம் பட்சம். எந்த ஊரில் யார் கண்ணை மூடினாலும் முதல் ஆளாக நிற்பார். பந்தலுக்கு ஆள் பிடிப்பார். ‘புத்தூர் நண்பர்கள்’ என்று கண்ணீர் அஞ்சலிப் பதாகை அடித்து, நாலு பேர் பார்க்கும் இடமாகத் தேடி இரவோடிரவாகக் கட்டுவார். அந்த நண்பர்கள் அவர் ஒருவரேதான். புறப்படும் முறையிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. செத்தவீட்டில் ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லக்கூடாது. பின்னால் யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. பிசகியவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவார்.

விசாரிக்கப் போனேன். ஆள் பேயறைந்ததுபோலக் கதிரையில் இருந்தார். மனைவி உதயகலா கைத்தொலைபேசியை நீட்டினார். முகநூலில் கணவரின் மோட்டார் சைக்கிள் படம். கீழே, வாகனத் தரிப்பிடக் கட்டணம் ஐம்பது ரூபாய் செலுத்தாமல் போனதற்குத் தண்டம் ஆயிரம்.

“செத்தவீட்டுக்குப் போனவனுக்குத் தண்டமாம், தம்பி! எமன்கூட உப்பிடிக் கேக்கமாட்டான்,” என்றார் சீவரத்தினம்.

மானிப்பாயில் அருட்செல்வன் இறந்த வீட்டுக்குப் பக்கத்து வளவு, தனியார் வாகனத் தரிப்பிடம். துக்கத்துக்கு வருபவர்களுக்கு ஒதுக்கிய இடம் என்று சீவரத்தினம் நினைத்துவிட்டார். படலையில் நின்றவரை உறவினர் என்றெண்ணி, இரண்டு கையையும் பிடித்து, “என்ன செய்யிறது, எல்லாரும் ஒருநாள் போறதுதானே” என்று தேற்றியிருக்கிறார். அவர் நீட்டிய தரிப்பிடச் சீட்டை மரண அறிவித்தலாக்கும் என்று வாசிக்காமலே சட்டைப்பையில் வைத்தார். புறப்படும்போது பின்னாலிருந்து “ஐயா! ஐயா!” என்று ஒரே சத்தம். பழக்கம் விடுமா? வேகத்தைக் கூட்டினார்.

“உவர் ஓடின ஓட்டத்துக்கு ஆரும் கள்ளன் எண்டுதான் நினைப்பினம்,” என்றார் உதயகலா. “ஆயிரத்தைக் கட்டிப்போட்டுச் சும்மா இருங்கோவன்.”

“கட்டினால் களவை ஒப்புக்கொண்ட மாதிரி! பிறகு எந்தச் செத்தவீட்டிலை முகத்தைக் காட்டுறது? வாற கிழமை அருட்செல்வன்ரை முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி. அதுக்கு முன்னம் இது தீரவேணும். அங்கை போர்டே இல்லை. போர்டு இல்லாமல் என்ன தண்டம்?”

நியாயம்தான். மறுநாள் பேருந்தில் போனோம். மோட்டார் சைக்கிளை அந்தப் பக்கம் கொண்டுபோக அவருக்குத் துணிவில்லை.

படலையில் அன்று சீட்டு நீட்டிய அதே ஆள், சுபாஸ், சீவரத்தினத்தைக் கண்டதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“போர்டு எங்கை, காட்டும் பாப்பம்!”

“இருக்கு ஐயா. எழுத்து ஒவ்வொண்டும் பூசணிக்காய் அளவு.”

வேலியோரம் கூட்டிப்போனார். அங்கே ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் அருட்செல்வன் சிரித்துக்கொண்டிருந்தார். சுபாஸ் அதன் மூலையைத் தூக்கினார். அடியில் மஞ்சள் பலகை. ஐம்பதும் ஆயிரமும் பளிச்சென்று இருந்தன.

“பாத்தியளோ! மறைச்சுப்போட்டாங்கள். இது என்ரை பிழையோ?”

வழக்கு வென்றாயிற்று. கைகொடுக்கலாம் என்று திரும்பினேன்.

“உங்கடை பிழையில்லை, ஐயா. போர்டு மறைஞ்சதாலை அண்டைக்குப் பாதிப்பேர் காசு தராமல் போட்டினம். உந்தப் பதாகையைக் கட்டினவனைக் கண்டால் எல்லாரின்ரை தண்டத்தையும் அவனிட்டைத்தான் வாங்குவன் எண்டு முதலாளி நிக்கிறார். புத்தூர்ப் பக்கத்துக் கூட்டமாம். ஆர் எண்டு தெரியுமோ?”

சீவரத்தினம் மெல்ல நகர்ந்து, ‘புத்தூர் நண்பர்கள்’ என்ற எழுத்தை முதுகால் மறைத்து நின்றார். பிறகு வீதியைப் பார்த்து நடந்தார்.

“ஐயா! தண்டம் கிடக்கட்டும், அந்த ஐம்பதையாவது தந்திட்டுப் போங்கோ!”

அவர் திரும்பவில்லை. பேருந்து ஏறியதும்தான் பேச்சு வந்தது.

“செத்தவீட்டுக்குப் பக்கத்து வளவும் செத்தவீடு மாதிரித்தான், தம்பி. திரும்பக்கூடாது.”

அந்தியேட்டி முடிந்துவிட்டது. சீவரத்தினத்தை அங்கே யாரும் காணவில்லை. ஐம்பது ரூபாய் இன்னும் நிலுவையில் நிற்கிறது.